நான்காவது வட்டம்

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் பரமேஸ்வரன் கால் வைக்காத வீடு குறைவு. ஆனால் அவரை உட்காரச் சொல்லி ஒரு வாய் காப்பி கொடுத்த வீடு எது என்று கேட்டால், அவரே கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். அவர் உள்ளே வரும் நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கூடத்தில் யாரோ ஒருவரைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருப்பார்கள். பரமேஸ்வரன் பெட்டி கொண்டு வருவார், போலீஸ் நிலையத்துக்கும் மின்சுடலைக்கும் அலைவார், குளிப்பாட்டத் தெரியாமல் திகைத்து நிற்கும் பிள்ளைகளுக்கு எதை முதலில் செய்வது என்று காதோடு சொல்லிக் கொடுப்பார். எல்லாம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாதே! முப்பது வருடம் இப்படியே பழகி, எந்த இடத்திலும் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. முடிவெட்டும் கடையிலும் அப்படித்தான், பேங்கிலும் அப்படித்தான். தெரியாதவர்கள் திமிர் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்கள் அவர் போனதே நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பந்திங் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. கிள்ளானில் ஒரு சீனர் நடத்திய சவப்பெட்டிக் கடைக்கு லோரி ஓட்ட வந்தார். தமிழர் வீட்டுச் சாவு வந்தால் முதலாளிக்குச் சடங்கு புரியாது, வந்தவர்களுக்கு முதலாளி பேச்சு புரியாது. இடையில் நின்று பேசிப் பேசியே பரமேஸ்வரன் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு பழைய வேன் வாங்கிச் சொந்தமாக ஆரம்பித்தார். 'பரமேஸ் இறுதிச் சேவை' என்று பலகை மாட்டிய அன்று வாழ்த்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வியாபாரம் பெருக வேண்டும் என்று வாழ்த்தினால் அதற்கு என்ன அர்த்தம்?

அவருக்கும் புனிதாவுக்கும் ஒரே மகள், விஷ்ணுப்ரியா. அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது வேனை ஒரு தெரு முன்னாலேயே நிறுத்திவிடுவார். பிள்ளை இறங்கி நடந்து போவாள். அப்பாவின் வேலை என்ன என்று வகுப்பில் கேட்டபோது என்ன சொல்வது என்று அவள் வந்து கேட்டாள். "டிரான்ஸ்போர்ட்னு சொல்லும்மா. பொய்யில்ல. ஏத்திக்கிட்டுத்தானே போறோம்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். பிள்ளை சிரிக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு இடைநிலைப் பள்ளி, பல்கலைக்கழகம், பெட்டாலிங் ஜெயாவில் கணக்காளர் வேலை என்று வளர்ந்துவிட்டாள்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனார். மற்ற பெற்றோர்கள் என்ன பிசினஸ் என்று கேட்டபோது, டிரான்ஸ்போர்ட் என்று வாய் தானாகச் சொன்னது. எங்கேயாவது ஓர் இடத்தில், ஊரே பார்க்க நின்று, இவள் என் மகள் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படி ஓர் இடம் மணவறை ஒன்றுதான். அங்கே அவள் கையைப் பிடித்து, தண்ணீர் விட்டு, தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை.

தொழில் மட்டும் முன்போல் இல்லை. முன்பெல்லாம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கோயில் ஆளையோ, முச்சந்திக் காப்பிக் கடைக்காரரையோ கேட்பார்கள். அவர்கள் பரமேஸ்வரனைக் கூப்பிடுவார்கள். இப்போது எல்லார் கையிலும் போன். ஒருநாள் அவர் வீட்டுப் பின் வரிசையில் ஒரு பெரியவர் இறந்து போனார். பரமேஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். பளபளவென்று ஒரு கறுப்பு வேன் அவர் முன்னாலேயே சந்துக்குள் நுழைந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மகன் போனில் தேடி, முதலில் வந்த கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறான். மாட்டிய சட்டையைப் பரமேஸ்வரன் கழற்றவும் மறந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். சொந்தச் சந்துக்குள் அடுத்தவன் வேன் வந்தது அவரைச் சுட்டுவிட்டது.

"நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்," என்றார் புனிதாவிடம்.

"எதுக்கும் ப்ரியாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க," என்றாள் அவள்.

கேட்கவில்லை. மகளை இதில் இழுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

முதலில் போனது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் திமோத்தியிடம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மெதடிஸ்ட் குடும்பத்துப் பையன். பூக்கடைகளுக்கு மேலே மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வலைத்தளம் கட்டிக் கொடுப்பான். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசினான். அதுவே பரமேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை.

"அங்கிள், இந்தப் பக்கத்தத் தொறக்குற ஆளு யாரு?"

"யாருன்னா? கஸ்டமர்தான் லா."

"அந்த நேரத்துல அவரு எப்படி இருப்பாரு? உக்காந்திருப்பாரா, நின்னுக்கிட்டிருப்பாரா? பக்கத்துல யாரு அழுவுறா? மொதல்ல எதைத் தேடுவாரு?"

இதென்ன, போலீஸ் விசாரணையா என்று பரமேஸ்வரனுக்கு எரிச்சல் வந்தது. "நம்பரத் தேடுவாரு. வேற என்னத்தத் தேடப் போறாரு?"

"அதான் அங்கிள். பெருசா நம்பரு. அதுக்குக் கீழ, வீட்டுல எறந்தா என்ன செய்யணும், ஆஸ்பத்திரியில எறந்தா என்ன செய்யணும்னு நாலு வரி. தமிழ், மலாய், இங்கிலீஷ். அவ்வளவுதான். ஒரே பக்கம்."

"ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம் போதும். ஆனா உங்களுக்குன்னு உக்காந்து செய்யணும். நான் உங்ககூட ரெண்டு எடத்துக்கு வந்து பாக்கணும். மூணு மாசம் ஆகும்."

விலையைக் கேட்டதும் பரமேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. அந்தக் காசுக்கு ஒரே ஒரு பக்கமா? ஒரு நம்பரைப் பெரிதாக எழுதுவதற்கு மூன்று மாதமா? கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "மலிவா வேணும்னா ரெடிமேட் இருக்கு அங்கிள், அங்க போங்க," என்று சொல்லிவிட்டுத் திமோத்தி போனை எடுத்துக்கொண்டான். வேலை தெரிந்தவன்தான், மனிதரை அனுப்பி வைக்கத் தெரியவில்லை. பரமேஸ்வரன் வழக்கம்போல் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

ரெடிமேட் பக்கத்திலேயே இருந்தது, பங்சாரில். குளிரூட்டிய அலுவலகம், பழரசம், மெத்தை நாற்காலி. பெர்னிஸ் என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு மாதிரியாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாம் முன்கூட்டியே வெட்டித் தைத்து வைத்தவை. கடைப் பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும், மூன்று நாளில் கையில் கொடுத்துவிடுவார்களாம். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன தொழில் என்று தெரிந்த பிறகும் அவள் முகம் சுளிக்கவில்லை. அதிலேயே பாதி விழுந்துவிட்டார் மனிதர்.

"இது பாருங்க அங்கிள், ரொம்ப ஓடுற டெம்ப்ளேட். பல் கிளினிக், பியூட்டி பார்லர், டியூஷன் சென்டர் எல்லாம் இதுதான் எடுக்குறாங்க. குடும்பத் தொழிலுக்குன்னே செஞ்சது. ஆறு பக்கம் இருக்கு."

ஆறு பக்கம்! அந்தப் பையன் ஒன்றுக்குக் கேட்டதில் கால்வாசி இல்லை இது. பரமேஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாவது பக்கத்தின் தலைப்பு 'எங்கள் குடும்பம்'. அதன் கீழே வரிசையாக நான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு படம், கீழே பெயர், அதற்குக் கீழே பதவி. முதல் வட்டத்தில் பரமேஸ்வரனைப் போட்டார்கள். இரண்டாவதில் புனிதா. மூன்றாவதில் வேன் ஓட்டும் லோகன். நான்காவதில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அம்மா யாரும்மா?"

"சும்மா டம்மி அங்கிள்."

"எடுத்துரு. சாவு வீட்டுல இருந்து பாக்குறவங்களுக்கு இதென்ன சிரிப்பு?"

"எடுக்க முடியாது அங்கிள். நாலு இருந்தாத்தான் டிசைன் நிக்கும். ஒண்ண எடுத்தா மத்த மூணும் ஒரு பக்கமா ஒதுங்கிரும். வேற யாராச்சும் போடுங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

"மக இருக்கா," என்றார்.

சொன்ன மறுநொடி அவர் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. போனைத் திறந்து, பட்டமளிப்பு அங்கியோடு அவள் நிற்கும் படத்தை எடுத்து நீட்டினார். வாவ், எவ்வளவு அழகா இருக்காங்க என்று பெர்னிஸ் சொன்னபோது அந்த மனிதருக்கு வயது இருபது குறைந்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டதற்கு, "விஷ்ணுப்ரியா பரமேஸ்வரன்," என்று அப்பன் பெயரையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னார். பதவி என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதையும் காலியாக விட முடியாதாம். 'துக்கநேர உதவியாளர்' என்று ஒன்றைப் போட்டுவிட்டாள் பெர்னிஸ். சும்மா ஒரு பேருக்குத்தானே அங்கிள்.

மகளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று உள்ளுக்குள் தெரியும். வேண்டாம் என்ற வார்த்தையை அவள் வாயால் கேட்க அவருக்கு இஷ்டமில்லை. அதனால் கேட்காமலேயே இருந்துவிட்டார்.

வலைத்தளம் ஏறியது. காப்பிக் கடையில் உட்கார்ந்தால் போனைத் திறந்து, இரண்டாவது பக்கத்துக்குப் போய், நான்காவது வட்டத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பார். கடைக்காரரிடம் ஒருமுறை காட்டினார். எட்டிப் பார்த்த கடைக்காரர், "நல்லா இருக்கு அண்ணே," என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். யார் எட்டிப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

அழைப்புகளும் வரத்தான் செய்தன, இல்லை என்று சொல்லக் கூடாது. கூடவே வேறொன்றும் வந்தது. தாயைப் பறிகொடுத்த ஒரு பையன், கிள்ளானில், அவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது போனை முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் விவரம் கொடுத்து அனுப்பியதும் அந்த வலைத்தளம் பூங்கொத்துப் படத்தோடு ஒரு வாசகம் போட்டிருந்தது: 'எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி! விரைவில் மீண்டும் சந்திப்போம்! நண்பர்களுக்கும் சொல்லுங்கள்!'

"என்னா அங்கிள் இது? அடுத்து எங்க அப்பாவா?" என்றான் பையன்.

பரமேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. சாவு வீட்டில் "வரேன்" என்று ஒரு சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்று முப்பது வருடம் நாக்கைக் கட்டிப்போட்டவர் அவர். அவர் பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு மிஷின் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பெர்னிஸுக்குப் போன் போட்டார். அந்த வாசகம் எல்லா டெம்ப்ளேட்டுக்கும் பொது, மாற்ற வேண்டுமென்றால் அடுத்த பேக்கேஜுக்குப் போக வேண்டும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வாங்கினார். வாசகம் மாறியது. தொல்லை அதோடு விட்டது என்று நினைத்தார்.

அந்த வருடக் கடைசியில் விஷ்ணுப்ரியா ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். சிவநேசன், அவள் அலுவலகத்தில் வேலை, சொந்த ஊர் பந்திங். அவனுக்கு உண்மை தெரியும். அவன் வீட்டில்தான் டிரான்ஸ்போர்ட் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"கல்யாணம் முடியட்டும்பா, மெதுவா நானே சொல்லிக்கிறேன். அது வரைக்கும் நீங்க எதுவும் பேச வேணாம்."

"நான் எதுக்கும்மா பேசப் போறேன்," என்றார் பரமேஸ்வரன். அப்போதும் அந்த வட்டம் அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே அழித்திருப்பார். மகளுக்குக் கல்யாணம் என்ற சந்தோஷத்தில் மனிதர் மணவறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வேட்டி, எந்தச் சட்டை, தாரை வார்க்கும்போது சொம்பைப் புனிதா எந்தப் பக்கம் நின்று பிடிக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்துவிட்டார். கண்ணாடி முன்னால் ஒருமுறை நின்று பார்த்ததைப் புனிதா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஒருமுறை வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பையன் வீட்டுக்காரர்கள் மறுபடி வருவதாகச் சொன்னபோது, தேதி குறிக்கத்தான் வருகிறார்கள் என்று புனிதா கேசரி கிண்டினாள். வந்தது பையனின் பெரியப்பா தம்புசாமியும் இன்னோர் அம்மாளும். கையில் பழத்தட்டு இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். கொண்டு வந்து வைத்த காப்பியை இருவரும் தொடவில்லை. இந்த உட்காரலைப் பரமேஸ்வரனுக்குத் தெரியும், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள்.

தம்புசாமி பந்திங் பக்கம் ஒரு கோயில் கமிட்டியில் இருப்பவர், பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பையனின் தங்கை, அண்ணியாக வரப் போகிறவள் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். முதலில் வந்ததே அதுதான்.

"இது உங்க மகதானே அண்ணே?"

"ஆமா."

"அவங்களும் இந்த வேலைதான் பாக்குறாங்களா?"

"ஐயோ, இல்ல இல்ல. அவ கணக்காளர். உங்களுக்கே தெரியுமே."

"அப்ப இதுல துக்கநேர உதவியாளர்னு போட்டிருக்கே?"

"அது வந்து... அந்த டிசைன்ல நாலு பேரு இருக்கணும்னு சொன்னாங்க," என்றார் பரமேஸ்வரன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று அவருக்கே கேட்டது. ஒரு வட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பெற்ற மகளைக் கொண்டுபோய்ப் பிணப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். ஒரே பக்கம் போதும் என்று சொன்ன அந்தப் பையனுக்குக் காசைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றி என்ன பயன்?

"நாங்க தப்பா நெனைக்கல," என்றார் தம்புசாமி. "சாவு இல்லாத வீடு ஏது? உங்க தொழிலு பெரிய புண்ணியம். ஆனா எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒரு மாதிரி பேசுறாங்க. புள்ளைங்க ரெண்டும் ஆசப்பட்டிருச்சு, நிறுத்த மனசு வரல. அதனால ரெண்டு விஷயம். மொதல்ல அந்தப் படத்த எடுத்துருங்க. அப்புறம் தாரை வாக்குறது. அத உங்க மச்சான் கமலநாதன் அவரு வீட்டுக்காரம்மாவோட நின்னு செய்யட்டும். நீங்க மொத வரிசையில உக்காருங்க. பத்திரிகையில உங்க பேருதான் இருக்கும். மரியாதைக்கு ஒரு கொறையும் வராது."

பரமேஸ்வரன் மேசைமேல் இருந்த போனை அவர் பக்கமே தள்ளி வைத்தார். தம்புசாமி குரலைத் தாழ்த்தினார்.

"கை வந்து... எத்தனையோ தொட்ட கை அண்ணே. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து ஏதாச்சும் ஒண்ணுன்னா இதத்தான் சொல்லிக் காட்டுவாங்க. உங்க மகளுக்குத்தான் சுசா, கஷ்டம்."

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சமையலறையிலிருந்து வந்த புனிதா கேசரித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பியதும் வெடித்தாள். "எந்தக் கை? அவளுக்குச் சோறு ஊட்டுன கையி இல்லையா? காய்ச்சல் வந்தப்ப விடிய விடியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச கையி இல்லையா? இவனுங்க வீட்டுல நாளைக்குச் செத்தா யாரு வந்து தூக்குவா? வேணாம்! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

"இரு. ப்ரியா சொல்லட்டும்," என்றார் பரமேஸ்வரன்.

அவர் அமைதியாகத்தான் இருந்தார். ஏனென்றால் மகள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும் என்று நம்பினார். அப்பா இல்லாத மணவறை எனக்கு எதற்கு என்பாள். கோபப்படுவாள், பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாள். அப்போது தாமே சமாதானம் சொல்லி, பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தார். விட்டுக்கொடுப்பதிலும் ஒரு பெருமை இருக்கிறது அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஷ்ணுப்ரியா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "யாரக் கேட்டுப்பா என் படத்தப் போட்டீங்க?"

எதைச் சொல்வது? நாலு வட்டம் என்றா, பெருமை என்றா?

"என் ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் பாத்துட்டாங்க. துக்கநேர உதவியாளராம். ஒருத்தன் வந்து டிஸ்கவுன்ட் உண்டான்னு கேக்குறான்பா."

"தப்புதாம்மா. எடுத்துர்றேன்," என்றார். பிறகு தம்புசாமி வந்து பேசியதைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

"சிவா சொன்னாரு," என்றாள். "அப்பா, அது ரெண்டு நிமிஷ வேலதானே. மாமா செய்யட்டுமே. நீங்க அங்கதானே இருக்கப் போறீங்க."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. புனிதா அதை எடுக்கவில்லை.

"நீ சொன்னா சரிம்மா."

"கோவமாப்பா?"

"இல்ல."

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொன்னாள். "சின்னதுல இருந்து ஒளிச்சு ஒளிச்சே எனக்கு அலுத்துப் போச்சுப்பா. ஒரு தெரு முன்னாடி எறங்கி நடக்குறது, யாரு கேட்டாலும் டிரான்ஸ்போர்ட்னு சொல்றது. இனிமேலாச்சும் நிம்மதியா இருந்துக்கிறேன்பா."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? வேனை ஒரு தெரு முன்னால் நிறுத்தியவர் யார்? அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவள் ஒழுங்காகப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். ஊரைத் திட்டலாம், தம்புசாமியைத் திட்டலாம். பெற்ற பிள்ளையே அவரை ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகப் பார்ப்பதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? எழுந்து போய் வேனைக் கழுவினார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த வேன் அது.

பெர்னிஸ் படத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் வெள்ளைக்காரி திரும்ப வந்து சிரித்தாள். பரமேஸ்வரன் அதற்குப் பிறகு காப்பிக் கடையில் போனைத் திறப்பதில்லை.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சொன்ன சொல் தவறவில்லை தம்புசாமி. முதல் வரிசையில் நடு நாற்காலி, அதில் பட்டுத் துணி, பன்னீர், சந்தனம், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மச்சான் கமலநாதன் நல்ல மனிதர், மணவறை ஏறுவதற்கு முன் வந்து, "அத்தான், நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். "ஏறு மச்சான், நேரமாவுது," என்று பரமேஸ்வரன்தான் அவரை அனுப்பி வைத்தார்.

ஐயர் மந்திரம் சொன்னார். கமலநாதன் விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்தார். அவர் மனைவி சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். பரமேஸ்வரனின் பக்கத்தில் புனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகளைப் பிரியும் அழுகை என்று நினைத்துப் பின்னால் இருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கெட்டி மேளம் முழங்கியது. எல்லாரும் எழுந்து அட்சதை போட்டார்கள். பரமேஸ்வரனும் போட்டார். அவர் போட்டது மணவறைவரை போகவில்லை, முன்னால் இருந்த படியிலேயே சிதறியது.

பிறகு பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கும் நேரம் வந்தது. பையனின் பெற்றோர், தம்புசாமி, கமலநாதன் என்று வரிசையாகக் காலில் விழுந்துவிட்டு, மாலையும் கழுத்துமாக இருவரும் கீழே இறங்கி முதல் வரிசைக்கு வந்தார்கள். இதை யாரும் தடுத்திருக்கவில்லை. தாரை வார்ப்பதைப் பற்றித்தான் பேச்சே தவிர, இதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விஷ்ணுப்ரியா அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு மாப்பிள்ளையோடு சேர்ந்து குனிந்து, அவர் காலருகே தலையைத் தாழ்த்தினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அவர் கேட்ட இடம் இதுதான்.

பரமேஸ்வரன் தம் வலது கையைப் பார்த்தார். கல்யாண வயதில் செத்த பெண்களைத் தூக்கிய கை அது, மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்த உடல்களைத் தூக்கிய கை. ஒருநாளும் அவருக்கு அருவருத்ததில்லை, ஒருநாளும் கூசியதில்லை. இன்றைக்குக் கூசியது. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து ஏதாச்சும் ஒண்ணுன்னா என்ற குரல் காதிலேயே கேட்டது. தம்புசாமியின் குரல்தான் என்றாலும், சொல்வது அவருக்கு உள்ளேயிருந்து யாரோ என்பதுபோல் இருந்தது.

"நல்லா இரும்மா," என்றார்.

விஷ்ணுப்ரியா தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் காத்திருந்தாள்.

"அங்கிள், தலையில கைய வைங்க," என்றான் படம் எடுப்பவன். "கைய வைங்க அங்கிள், ஒரு ஷாட்தான்."

புனிதா தன் கையை மகள் தலைமேல் வைத்து, கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பரமேஸ்வரன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.